கைப்பையில் இல்லாத துவக்கு

“மாஸ்டர், உங்கட துவக்கு அக்கா மோசம் போயிட்டாவாம்.”

நோர்வேயில், குறொன்லாண்ட் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் எனக்கு இப்படித்தான் செய்தி சொன்னார். சொல்லிக்கொண்டே கைபேசியில் வந்திருந்த பூப்போட்ட மரண அறிவித்தலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வசந்தி அக்காவின் முழுப்பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் அதில் இருந்தன. அதே தெருவில் அத்தனை வருடம் நகைக்கடை நடத்தி, அந்தக் கடைக்காரரின் மகள்மாருக்கே தோடு செய்து கொடுத்தவர் அவர். அவரைச் சொல்ல அந்த மனிதருக்கு வாயில் வந்தது ஒரு துப்பாக்கியின் பெயர். நான் முருங்கைக்காயைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுக்கு, அதாவது அந்த நினைவு மலருக்கு, என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது என் பெயர் மட்டும் என்னுடையதாக இருந்தது. “அன்னார் இறைபக்தியும் விருந்தோம்பலும் மிக்கவர்” என்ற வசனத்தை நான் எழுதவில்லை. நான் எழுதியதை இங்கே மறுபடி எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இது பிடிக்காது.

எனக்கு அவர் உறவில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பித்தவன். நிர்வாகத்தோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டபோது அம்மருட்டில் என் வீட்டுக்கு நாலாம் மாடி ஏறி வந்து, “என்ன மாஸ்டர், கதவைப் பூட்டிக்கொண்டு ஆரோட கோவம்?” என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். வந்தவரை நான் மறக்கவில்லை. வராதவர்களையும் மறக்கவில்லை.

துவக்குக் கதை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்கிறேன். ஒரு பகலில் முகத்தை மூடிய இரண்டு பேர் சுத்தியலோடு அவர் கடைக்குள் புகுந்து, கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவர் பொலிசுக்குப் போய், மேசையின் இழுப்பு லாச்சியில் வைக்கச் சின்னதாக ஒரு கைத்துப்பாக்கிக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். தற்காப்பு என்பது இந்த நாட்டில் அனுமதிக்கு ஒரு காரணமே இல்லை, விளையாட்டு அல்லது வேட்டை என்றால் விண்ணப்பிக்கலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னாராம். “அப்ப விளையாடுவம் எண்டு நினைச்சன்” என்று வசந்தி அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அப்படித்தான் ஒரு பிஸ்டல் கழகத்தில் சேர்ந்தார். பல மாதம் கழகத்தின் துப்பாக்கிகளை இரவல் வாங்கிப் பழகி, பாதுகாப்பு வகுப்பு முடித்து, பிறகுதான் தனக்கென்று ஒன்றுக்கு அனுமதி பெற்றார். அதை அவர் தெரிவு செய்த விதத்தை நான் கூட இருந்து பார்த்தேன். பெயரையோ பளபளப்பையோ பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் பிடித்துக் கண்ணை மூடினார், கையை நீட்டினார், கண்ணைத் திறந்தார். துப்பாக்கியின் குறி சுவரிலிருந்த கறுப்பு வட்டத்துக்கு நேரே நிற்காவிட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். “சப்பாத்து வாங்கிற மாதிரித்தான் மாஸ்டர். அடுத்தவனுக்கு அளவானது எனக்குக் கடிக்கும்.” கடைசியில் எடுத்தது நீண்ட குழலும் நல்ல பாரமும் உள்ள ஒரு போட்டித் துப்பாக்கி. மேசை லாச்சிக்குள் கூட அடங்காது. பியோர்ண்டாலில் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் அது இருக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் குண்டில்லாமல், பூட்டிய பெட்டியோடு காரில் கழகத்துக்குப் போகும், நேரே திரும்பி வரும். வழியில் பால் வாங்கக்கூட அவர் நிற்கமாட்டார்.

“துவக்குக்காகத்தான் போனனான்” என்று ஒருமுறை சொன்னார். “போன பிறகு துவக்கையும் மறந்திட்டன், கள்ளனையும் மறந்திட்டன். அந்தக் கறுப்பு வட்டம்தான்.”

இனி மூன்று கடைக்காரர்களின் கதை. அந்தத் தெருவில் இன்னொரு கொள்ளை நடந்த பிறகு, ஒரு தை மாதத்தில், அவர்கள் வசந்தி அக்காவின் கடைக்கு வந்தார்கள். நான் பின்னால் தேநீரோடு இருந்தேன். வந்தவர்களில் முன்னுக்கு நின்றவர் துணிக்கடைக்காரர். நம் கல்யாணங்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கும் செத்தவீடுகளுக்கும் ஒலிவாங்கி பிடிப்பவரும் அவர்தான். பெயர் எழுதமாட்டேன், தேவையும் இல்லை. அறிவிப்பாளர் என்றே சொல்கிறேன்.

அவர் கைபேசியில் சின்னச் சின்னத் துப்பாக்கிகளின் படங்களை வரிசையாகக் காட்டினார். “இதைப் பாரும் பிள்ளை. உள்ளங்கையளவு. ஜாக்கெற்றுக்குள்ள வைச்சால் ஆருக்கும் தெரியாது. எது நல்லதெண்டு நீர்தான் சொல்ல வேணும்.”

வசந்தி அக்கா மேசையிலிருந்த கல்குலேற்றரை எடுத்து அவரிடம் கொடுத்தார். “இதுதான் உங்கட பிஸ்டல். உள்பொக்கெற்றுக்குள்ள வையுங்கோ. ஜாக்கெற்றைப் பூட்டுங்கோ, சால்வையைச் சுத்துங்கோ, கையுறையைப் போடுங்கோ. தெருவில எப்பிடி வந்தனீங்களோ அப்பிடி.”

அவர் எல்லாம் செய்தார்.

“இப்ப நான் கள்ளன். எடுங்கோ பாப்பம்.”

அறிவிப்பாளர் ஒரு கையுறையைப் பல்லால் இழுத்தார். ஸிப் பாதி வழியில் சால்வையைக் கடித்துக்கொண்டு நின்றது. உள்ளே கம்பளிச் சட்டையின் மேல் அவர் கை கல்குலேற்றரைத் தேடி அலைந்தது.

“அண்ணை, நான் நகையெல்லாம் அள்ளிக்கொண்டு அம்மருட் ரயிலும் ஏறியிட்டன்” என்றார் வசந்தி அக்கா. மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறிவிப்பாளர் சிரிக்கவில்லை.

“அப்ப கோடையில?” என்று கேட்டார்.

“கோடையில ரீசேட்டுக்குள்ள எங்க ஒளிப்பியள்? வயித்து மடிப்பிலயோ?” பிறகு அவர் குரல் மாறியது. “சின்னனெண்டால் சுகமெண்டு நினைக்கிறியள். சின்னன்தான் சுடேக்க கூட உதறும். பிடிக்க இடமில்லை. குழல் கட்டையெண்டால் கை கொஞ்சம் அரக்கினாலே குண்டு வேற எங்கையோ போகும். உங்கட கடையில அந்த நேரம் ஒரு தாயும் பிள்ளையும் நிப்பினம். அதோட இதுக்கு இஞ்சை அனுமதியில்லை. கள்ளமா வாங்கினால் கள்ளனுக்கு முதல் நீங்கள்தான் உள்ளுக்குப் போவியள். வாசலுக்கு உள்ளிருந்து திறக்கிற பூட்டுப் போடுங்கோ. காப்புறுதியை ஒழுங்கா வையுங்கோ. அவன் வந்தால் குடுத்திட்டு விடுங்கோ.”

இதைவிட நேர்மையாக ஒருவர் புத்தி சொல்ல முடியாது. அவர்கள் வெளியே போய் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அவ சொல்லமாட்டா. ஏனெண்டால் தான் ஒண்டு கைப்பைக்குள்ள வைச்சிருக்கிறா.”

அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், செய்தீர்கள். இந்த ஊரில் நம்மவர்கள் கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள தங்கம் முழுவதையும் போட்டுக்கொண்டு போவார்கள். கள்ளருக்கும் அது தெரியும். ஆகவே பெண்கள் வசந்தி அக்காவின் மேசையைத் தேடி வந்து இருந்தார்கள். கழற்றிய நகைகளைச் சுருட்டி அவர் மடியில் வைத்துவிட்டு நடனமாடப் போனார்கள். “உங்களோட இருந்தால் பயமில்லை அக்கா” என்று கண்ணடித்தார்கள். அவர் மறுத்துப் பார்த்தார். மறுப்பது கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை பொறுமை இழந்து, அந்தப் பழுப்புக் கைப்பையைச் சாப்பாட்டு மேசையிலேயே தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, பனடோல், ஊசி நூல், சேலைக்குக் குத்தும் ஊசிகள், பாதி தின்ற கச்சான் கடலைப் பை, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதில் வைக்கும் இரண்டு மஞ்சள் அடைப்பான்கள். “பாத்தியளே? இவ்வளவுதான்!”

பக்கத்திலிருந்த பெண் மற்றவளின் காதுக்குள் சொன்னது எனக்கே கேட்டது: “இண்டைக்குக் கொண்டு வரேல்லைப் போல.”

பிறகு அந்தச் சாமத்தியச் சடங்கு வந்தது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியில், “நகை போட்டிருக்கிற அக்காமார் ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. எங்கட வசந்தியின்ர கைப்பைக்குள்ள சாமான் இருக்கு!” என்றார். மண்டபமே சிரித்தது. யாரோ அதைப் படம் பிடித்தார்கள். யாரோ அதற்கு நோர்வேஜிய மொழியில் விளக்கம் போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். சில நாட்களில் பொலிஸ் பியோர்ண்டாலுக்கு வந்து, இரும்புப் பெட்டியிலிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை அனுமதியை நிறுத்தி வைத்தது. பொலிசை நான் குறை சொல்லமாட்டேன். ஆயுத அனுமதி உள்ள ஒருவர் பொது இடங்களுக்கு அதைக் கொண்டு திரிகிறார் என்று அவருடைய சொந்தச் சனமே சிரித்துக்கொண்டு சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?

துப்பாக்கி போனதல்ல அவருக்கு நோவு. செவ்வாய்க்கிழமை போனதுதான் நோவு. இந்த நாட்டில் அவர் தானாகத் தேடி, தானாகக் கற்று, தனக்கென்று வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதை மீட்க அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வரி. அதைக் கேட்க இருவரும் துணிக்கடைக்குப் போனோம்.

“அண்ணை, பகிடிக்குச் சொன்னனான் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. அது போதும்.”

அறிவிப்பாளர் சேலை மடித்துக்கொண்டே இருந்தார். “நான் ஏன் பிள்ளை பொலிசுக்கு எழுத வேணும்? என்ர பேரெல்லே அவங்கட கணினியில ஏறியிடும்.”

“என்ர பேர் ஏறியிட்டுது அண்ணை.”

“உமக்கென்ன? நீர் தனியாள். எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு.”

நான் வாய் திறந்தேன். வசந்தி அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். தெருவில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. “உமக்கு ஒருநாளும் துவக்கு சரிவராது மாஸ்டர்” என்றார். “கோவம் வந்தால் கை நடுங்கும். உமக்குக் கைக்கு முதல் வாய் நடுங்குது.” அவர் கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பொலிசுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். கழகத்துத் தலைவர், வயதான நோர்வேஜியர், எழுதிக் கொடுத்தார். சொன்னவர் எழுதவில்லை. மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருவர்கூட எழுதவில்லை. வசந்தி அக்கா செவ்வாய் தோறும் கழகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சுடும் கோட்டுக்குப் பின்னால் இருந்து மற்றவர்களுக்குப் புள்ளி எண்ணினார், வாஃபல் அப்பம் சுட்டுக் கொடுத்தார். விசாரணை முடிவு வருவதற்கு முன் அவர் இதயம் நின்றுவிட்டது. நீங்கள்தான் கொன்றீர்கள் என்று நான் எழுதமாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை.

செத்தவீட்டில் ஒலிவாங்கி அதே அறிவிப்பாளரின் கையில் இருந்தது. கழகத்துக்காரர்கள் கடைசி வரிசையில் கறுப்பு உடையில் நின்றார்கள். அவர்களைப் பேச அழைக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த மலர்வளையத்தின் நாடாவில் கழகத்தின் பெயர் இருந்ததால், அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: “ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர் எங்கள் வசந்தி. ஆயுதம் என்பதையே தொட்டறியாத கை அது!”

உயிரோடு இருந்தபோது இல்லாத துவக்கை அவர் பைக்குள் வைத்தவர்கள், செத்த பிறகு இருந்த துவக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். அந்த வசனத்தில் பாதியை ஒரு வருடத்துக்கு முன் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் போதும்.

கல்வெட்டின் அட்டைக்குப் படம் இல்லையென்று அவருடைய தம்பி என்னிடம் கேட்டார். தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவர் லண்டனிலிருந்து வந்தவர், அறிவிப்பாளர் சொன்னதைச் செய்தார். நான் கழகத்தில் அவருக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தைக் கொடுத்தேன். அக்காவின் முகம் அவ்வளவு அமைதியாக வேறெந்தப் படத்திலும் இல்லை. அச்சாகி வந்ததைப் பார்த்தேன். துப்பாக்கி பிடித்து நீட்டிய வலது கையைத் தோளோடு வெட்டியிருந்தார்கள். காதுக் கவசத்தைக் கணினியில் அழித்து, அந்த இடத்தில் மல்லிகைச் சரம் வைத்திருந்தார்கள். பின்னால் நீல வானமும் முகிலும். கீழே, “இறைவனை நோக்கி” என்று ஒரு வரி.

முழுப் படம் அம்மருட்டில் என் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் அவருக்குக் கை இருக்கிறது. கை நேராக நிற்கிறது, நடுங்கவில்லை. கல்வெட்டை வீட்டில் வைத்திருப்பவர்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தக் கண் கடவுளைப் பார்க்கவில்லை. உங்களையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரிலுள்ள ஒரு கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.