மிளகாய்ப்பொடியும் மரியாதைக்காரக் குற்றவாளியும்

கலப்படம் பிடிக்கும் உணவு ஆய்வாளரும் பிள்ளை பிடிக்கிறவனும் ஒன்று. தெருவில் தலை தெரிந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். கடை கடையாக ஏறி இறங்கி வசவு வாங்கிய சக ஜீவன்களே, தொண்ணூறுகளில் காரமடையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காசு வேண்டாம்

செல்லமுத்துவின் மளிகைக்கடையில் மிளகாய்ப்பொடி கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்தது. சோதனைக்கு எடுக்கும் பொருளுக்கு விலை கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டில் வழக்கு நிற்காது. பணத்தை நீட்டினேன். மனுஷன் கையைக் கட்டிக்கொண்டார்.

"நம்ம கடைக்கு வந்துபோட்டு காசு குடுக்கறதுங்களா? சும்மா எடுத்துட்டுப் போங்க சார்."

கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. என் உதவியாளர் மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, தயவு பண்ணி வாங்கிக்குங்க. இல்லாட்டி உங்க மேல கேசு போட முடியாதுங்க!"

சாட்சி

எங்கள் சங்கடத்தைப் பார்த்து, பாவமென்று வாங்கிக்கொண்டார். அடுத்தது சாட்சிக் கையெழுத்து. அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட கடைத்தெருவில் ஒருவரும் அகப்படவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கடைசியில் செல்லமுத்துவே இறங்கிப் போய், எதிர்த்த டீக்கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தார்.

"சார் எத்தன நேரந்தான் வெயில்ல நிப்பாரு? ஒரு கையெழுத்துப் போட்டு உடு மாப்ள."

கூண்டு

பொடியில் சாயம் என்று அறிக்கை வந்தது. குறைந்தது ஆறு மாத ஜெயில். பொடி அரைத்துக் கொடுத்தவர் யாரென்று நிரூபித்தால் தப்பிக்கலாம். செல்லமுத்து வாயே திறக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா தலைகுனிந்து நின்றார். போயும் போயும் இவர் மீதா கேஸ் போட்டோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

தீர்ப்பு நெருங்கியபோது ஒருநாள், பின்வரிசையிலிருந்து அன்னூர் மில்காரர் ஒருவர் எழுந்தார். செல்லமுத்துவின் மகளை மருமகளாக எடுத்தவர்.

"பொடி நம்ம மில்லுதுங்க சாமி. சம்பந்தி ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டாருங்க. அதான் நானே வந்துபோட்டேன்."

மறுபடியும் பொடி

செல்லமுத்து விடுதலையானார். மில்காரருக்கு ஆறு மாதம். மில் பொடியை விற்கவும் கோர்ட் தடை போட்டது. தண்டனை முடிந்து, தடையும் நீங்கியபின் அந்த மில்லுக்குச் சோதனைக்குப் போனேன். அரிவாள் வருமோ என்று வாசலோரமாகவே நின்றேன். காப்பிதான் வந்தது. சம்பந்திகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பொடியை அள்ளக் குனிந்தேன். மில்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"மொதல்ல காசக் குடுங்க சார். இல்லாட்டி கேசு நிக்காதுங்க!"

அந்தத் தடவை சாயம் துளியும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வீட்டுக் குழம்புக்கு அந்த மில் பொடிதான், அதுவும் காசு கொடுத்துத்தான்.