பாதியில் நின்ற முள்

மைலேஜ் கூடிவிட்டது என்று மூன்று வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பால்காரரிடம்கூட. பதினான்கு வருடப் பழைய கார்... பெட்ரோல் முள் பாதியை விட்டு இறங்கவே இல்லை. எல்லாம் நான் ஓட்டும் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு வத்தல்மலை ஏறும்போது, மூன்றாவது வளைவில், கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டேங்க் காலி. முள்? பாதியிலேயே நின்றது.

எங்கள் மகள் தேவி மலைமேல் நர்ஸ். ஞாயிறுதோறும் நானும் என் மனைவி சரோஜாவும் ஒரு தூக்கு இட்லி மாவோடு அவளைப் பார்க்கப் போவோம். அன்று நாலு சக்கரத்துக்கும் நாலு கல் வைத்துவிட்டு, நான் மட்டும் இறங்கிப்போய் பெட்ரோல் வாங்கி வருகிறேன் என்றேன். சரோஜா விடவில்லை. தனியாகப் போனால் எதையாவது நினைத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நடப்பேனாம்.

அவளும் கூடவே இறங்கினாள். அடிவாரம் வரை 2,140 தப்படி. எண்ணினேன். முட்டி வலிக்கிறதா என்று ஒன்பது முறை கேட்டேன். அதையும் எண்ணினேன். ஒன்பது முறையும் ஒரே பதில்... "பரவால்லீங்க."

மெக்கானிக் அக்பர் பாய், டேங்குக்குள் இருக்கும் சென்சாரையே மாற்றிவிடலாம் என்றார். முதலில் நானே சோதிக்கிறேன் என்றேன். போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிங்க சார். டேங்கைத் தொறக்கறதுக்கு முன்னாடி அம்மாவ அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள எது வேணா ஆகும்."

செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பு அணைந்ததை நாலு முறை பார்த்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, சென்சாரை வெளியே எடுத்து வாசலில் காற்றாட வைத்தேன். பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் இறங்கினால் மிதவையும் இறங்கும். இறங்க இறங்க, மின்தடை அளக்கும் மீட்டரில் ஓம் கணக்கு ஏற வேண்டும். என் வண்டிக்கு மேலே பத்து, அடியில் தொண்ணூறு. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும்.

மிதவை என் கையில். மீட்டர் சரோஜா கையில்.

மேலே தூக்கினேன். பத்து என்றாள். கொஞ்சம் இறக்கினேன். முப்பது. இன்னும் இறக்கினேன். நாற்பது. இன்னும்... நாற்பது. அடிவரைக்கும் இறக்கிவிட்டேன்.

"அதே நாப்பதுதாங்க."

காலியானாலும் பாதி என்றே சொல்கிறது! நிமிர்ந்து பார்த்தேன். சரோஜா இடது காலை ஊன்றாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க."

"அதே நாப்பதா?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மீட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "வலிக்குதுங்க. நாலு மாசமா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மலைக்கே போக வேணாம்பீங்க. அப்புறம் புள்ளைய எப்படிப் பாக்கறது? நீங்களும் தூக்கம் இல்லாம உக்காந்திருப்பீங்க."

தேவியின் குவார்ட்டர்ஸுக்கு இருபத்திரண்டு படிகள். ஒவ்வொரு ஞாயிறும் எண்ணியிருக்கிறேன். அதில் சரோஜா எத்தனை படிகளில் நின்று மூச்சு வாங்கினாள்? அதை மட்டும் எண்ணவில்லை. நான் எப்போதும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன்.

சென்சாரில் மிதவைக் கம்பி உரசி நகரும் தடத்தில் கறுப்பாக அழுக்கு. பாதிக்குக் கீழே இருப்பதைச் சொல்ல விடாமல் தடுத்தது அதுதான். மெல்லிய துணியால் துடைத்தேன். இப்போது தொண்ணூறு வரை ஒழுங்காகப் போகிறது. சரோஜாவைச் சொல்ல விடாமல் தடுத்தது எது? என் பதற்றம்தான். அதைத் துடைக்க என்ன துணி இருக்கிறது, தெரியவில்லை.

புதன்கிழமை டாக்டரிடம் போனோம். முட்டியில் தேய்மானம், பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாள் படி ஏற வேண்டாம் என்றார். தேவிக்குப் போன் செய்தேன். இந்த ஞாயிறு அவள் பஸ் பிடித்துக் கீழே வருகிறாள். இவ்வளவு சுலபமான வழி, நாலு மாதமாக மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

இப்போது தினமும் காலையில் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்கிறேன். சரோஜா எண்ணாகவே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். கேட்டுவிட்டுப் பதறக்கூடாது என்பதும் ஒப்பந்தம்.

நேற்று மூன்று என்றாள். நம்பிவிட்டேன்... இரண்டு முறை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டு.