அண்ணன் கேட்டு வாங்கிய இடுப்புப் பட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அண்ணனைப் புகழ்ந்து எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் எழுதுவது என் தப்பை ஒப்புக்கொள்வதற்காக.

அண்ணன், மலையில் பல ஊர்கள் சேர்ந்த எங்கள் பெரக்கரை நாட்டில் பிறந்தவர். அப்பா போன பின் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி எங்களைக் கரையேற்றினார். பிறகு செம்மேட்டில், மிளகு வாங்கும் கம்பெனியில் எடை போடும் வேலை. கொடியில் மிளகு பறிக்க ஏறிய இன்னார் மரத்திலிருந்து விழுந்தார் என்ற செய்தியும் மூட்டையோடு சேர்ந்தே அவரிடம் வந்துவிடும்.

ஒரு வருடம் கம்பெனி சமூக சேவைக்கு ஒதுக்கிய பணத்தில், தன் பெயர் எழுதிய பெஞ்சுகளைப் பஸ் ஸ்டாண்டில் போடுவதாக இருந்தது. அண்ணன் நேரே மேனேஜரிடம் போய், மரமேறுகிறவர்கள் விழாமலிருக்க இடுப்புப் பட்டையும் அதை மரத்தோடு பிணைக்கும் கயிறும் கேட்டார். எடை போடுகிற ஆளுக்கு எதற்கு இந்த வேலை என்று அவர் சிரித்தாராம்.

“மொளகு வேணும், ஏறுறவன் இடுப்பு வேண்டாமுங்களா?” என்றிருக்கிறார் அண்ணன்.

ஒரு மனு எழுதி, உடன் வேலை செய்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக் கையெழுத்து வாங்கினார். முதலில் எங்கள் ஊருக்குக் கயிறோடு பட்டைகள் வந்தன. பயன்படுவதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களுக்கும் தருவதாகப் பேச்சு.

எனக்கும் ஒன்று தந்து, மாட்டிப் பழகச் சொன்னார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மரமேறுகிறவன் நான், எனக்கா என்று இருந்துவிட்டேன். கயிறோ நல்ல உறுதி. சும்மா கிடக்கிறதே என்று மரவள்ளி மூட்டைகளை டெம்போவில் கட்ட எடுத்துக்கொண்டேன். கம்பெனி அதிகாரிகள் பட்டைகள் பயன்படுவதை அண்ணனோடு பார்க்க வந்த அன்று, எதிரே வந்த வண்டி என்னுடையதுதான்.

“ஏனுங்க, மரமேறத்தான கேட்டீங்க?” என்றார் ஒருவர்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “நாஞ் சரியாச் சொல்லித் தரலீங்க. தப்பு எம்பேருலதான்.”

மற்ற ஊர்களுக்கு வரவேண்டியது நின்றுபோனது.

அதன்பின் ஞாயிறுதோறும் தோட்டம் தோட்டமாகப் போய், தானே பட்டை மாட்டி ஏறிக் காட்டினார். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கற்றுக்கொண்டார்கள். என் தோட்டத்துக்கும் வந்தார். “வா சாமி, ஒருக்கா மாட்டிப் பாரு” என்றார். வெட்கத்தில், வேலை இருக்கிறது என்று நழுவினேன். நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோகும் வரை மன்னிப்பும் கேட்கவில்லை.

நெஞ்சுவலி வந்த அன்று வண்டி எடுத்து ஓடிவந்தவர்களுக்கும், அண்ணனின் மனுவை மறுபடி எழுதிக் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த அறுவடைக்கு மற்ற ஊர்களுக்கும் பட்டை வந்துவிட்டது. கொண்டுவந்தவர்கள், தம்பியாயிற்றே என்று என்னை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். எப்படி மாட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடம் பழகிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்துதான் மாட்டிவிட்டார்.