சத்தம் வராத அழுகையைக் கேட்ட நஸீரா மிஸ்ஸி

உடப்பில் என் வீட்டு வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பாலாவியிலிருந்து தொலைபேசி வந்தது. "நஸீரா மிஸ்ஸி மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார் எங்கள் பழைய கிளினிக் சிற்றூழியர். மீன்காரரை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். இந்த மனுசி பக்கத்தில் இருந்திருந்தால், "மீன் கெட்டுப்போகுது, பொறகு அழு" என்றுதான் ஏசியிருப்பார் என்று நினைத்தபோது கோபமும் வந்தது.

யுத்தம் முடிந்த பிறகு நாங்கள் இருவரும் பாலாவியில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவ மாதுகளாகச் சேர்ந்து வேலை பார்த்தோம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம் அவருடையது. கணவர் இல்லை, ஒரே மகள் பஸ்னா. இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அவரிடம் பேச்சு வாங்கியிருப்பீர்கள். நானும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

பிள்ளை பெற்ற வீட்டுப் பத்தியம்தான் அவருக்கு ஜென்மப் பகை. நாற்பது நாளும் கழுவிக் கழுவி வெளுத்த அரிசியில் கஞ்சி வடித்துக் கொட்டிய சோறு, மிளகும் உள்ளியும் போட்ட குழம்பு, கடுஞ்சாயத்தில் பிளேன்டி. பருப்பு வாய்வாம், கீரை குளிராம், முட்டை கிரந்தியாம். சில மாமிமார் நாற்பது கழிந்தும் விடமாட்டார்கள். அரிசியில் கொஞ்சநஞ்சம் இருக்கிற தயமின் என்ற விற்றமின் கழுவிய தண்ணீரோடும் கஞ்சியோடும் போய்விடும். தாயின் உடம்பில் இல்லாதது பாலில் எங்கிருந்து வரும்?

தயமினுக்குரிய துணை நொதியம் என்ற புத்தகச் சொல்லை அவர் தாய்மாரிடம் பாவித்ததே இல்லை. "நம்மட ஒடம்புல ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் ஒரு அடுப்பு இரிக்கி. சோறு வெறகு. தயமின் நெருப்புக்குச்சி. குச்சி இல்லாம வெறக அடுக்கி என்ன செய்யப் போறீங்க?" என்பார். பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வராமல் இருக்கத்தானே பத்தியம் என்று ஒரு பெண் கேட்டாள். "கிருமியோட சண்டை பிடிக்கிற கலமே பட்டினி கெடந்தா யாரு சண்டை பிடிக்கிற? ஒன்ட மாமியா?" கிளினிக்கே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஒருநாள் அகதிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போனோம். "எங்கட பேரன் நல்ல புள்ள, அழுறதே இல்ல" என்று பெருமையாகச் சொன்னார் மாமியார். நஸீரா குழந்தையின் உள்ளங்காலைக் கிள்ளினார். வாய் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாயையும் இழுத்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தயமின் குறைந்துதான் குரல் போயிருந்தது; தயமின் ஊசி போட்டார்கள். அன்று மாலை அந்தப் பிள்ளை வார்டே அதிர அழுதது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்ற மாமியாரிடம், "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா புள்ளைய அடக்கக் கபன் துணி எடுத்திருக்கலாம் மாமி" என்றார்.

பஸ்னா கல்பிட்டியில் வாழ்க்கைப்பட்டாள். பிரசவத்துக்கும் அங்கேயே இருந்துவிட்டாள். பிள்ளை பார்க்கப் போன நஸீரா சம்பந்தியம்மாவின் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, வாய்க்கு வந்தபடி ஏசினார். இனி இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். "முட்டை தின்னுறியா?" "ஓம் உம்மா." "பருப்பு?" "ஓம் உம்மா." அந்த ஓமை நஸீரா நம்பினார்.

பிள்ளை இறந்துவிட்டதென்று சேதி வந்தபோது நானும் கூடப் போனேன். நஸீரா மையித்தைப் பார்த்தார். நேரே குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கூடியிருந்த பெண்களுக்கு நடுவில் மகளைப் பார்த்து, "பால் குடுக்கல்ல நீ. பட்டினியக் குடுத்துக் கொன்னுட்டாய்" என்றார். பெற்ற தாய் பேசுகிற பேச்சா அது? பஸ்னா தலை நிமிர்ந்தாள். "ஒங்கட வாய்க்குப் பயந்துதான் உம்மா பொய் சொன்னன். நீங்க திரும்ப வந்து ஏசினா என்னய இவங்க வெச்சிருப்பாங்களா?"

அதன் பிறகு தாயும் மகளும் பேசவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நஸீரா வழமைபோல் வந்தார், வழமைபோல் ஏசினார். "கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் என்ன அக்கா?" என்று கேட்டேன். "மெல்லமாச் சொன்னா தலையாட்டுவாளுகள். ஏசினாத்தான் முட்டை அவிப்பாளுகள்."

"பஸ்னா?"

"அவளுக்கு ஏசினது காணாது, இன்னும் ஏசியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைத் தராசில் வைத்தார். அதே நிறையை அவர் இரண்டு தரம் எழுதியதை நான் பார்த்தேன். அதற்காக அவரை மன்னிக்க எனக்குத் தோன்றவில்லை.

தொலைபேசி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, மையித்து வீட்டில் பஸ்னா தாயின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, கடைசிக் காலத்துல ஒங்கக்கிட்ட உம்மா என்னப் பத்தி ஏதும் கதைச்சாவா?"

எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பொய் போதும். அவள் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். நஸீராவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கனிவல்ல. எதிரே இருப்பவர் தாங்குவாரா என்று பாராமல் உள்ளதைச் சொல்லிவிடும் நாக்கு. அதனால் பிழைத்த பிள்ளைகள் இன்று புத்தளம் தெருக்களில் ஓடித் திரிகிறார்கள். அந்த நாக்குத்தான் அன்று என் வாயில் இருந்தது.

"இல்ல மகள்" என்றேன். "ஒண்டும் கதைக்கல்ல."

பஸ்னா என் கையை விட்டாள்.