அப்பாவுக்காகப் பார்த்த இலையுதிர்காலம்

தொண்ணூற்றாறாம் வருடம் ஒக்ரோபர் பதினோராம் திகதி மாலை நான்கு மணிக்கு ரொறன்ரோவில் இறங்கினேன். கொழும்பில் ஏறி, லண்டனில் ஏழு மணிநேரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் காய்ந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தபோது குடிவரவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். இலையுதிர்காலம் பார்க்க என்றேன். தங்கை ரஞ்சி தொலைபேசியில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள். அவர் என்னுடைய மெல்லிய ஸ்வெற்றரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

உண்மையான காரணம் வேறு. வெள்ளவத்தையில் நானும் எழுபத்துநான்கு வயது அப்பாவும் மட்டும்தான் ஒரு வீட்டில் இருக்கிறோம். என் மனைவி காலமான பிறகு அப்படித்தான். ரஞ்சி அப்பாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து, அலுவல்கள் எல்லாம் முடிந்து, இனி அவர் ஓம் என்று சொல்வதுதான் பாக்கி. அப்பா சொல்லவில்லை. "நீ ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வா. நீ சரியெண்டாப் போறன். வேண்டாமெண்டா நிக்கிறன்" என்று பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். விமானம் ஏறும்போதே வேண்டாம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மூன்று கிழமைக்குள் அதற்கான காரணங்களைப் பொறுக்குவதுதான் எனக்கிருந்த வேலை. அந்த நாடு அதற்கு நன்றாகவே ஒத்துழைத்தது.

ரஞ்சியின் கணவர் சிவம் தன் பழைய காரில் வந்து ஏற்றினார். அவருக்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. வீடு வெக்ஸ்போர்ட்டில். போக நாற்பத்தைந்து கிலோமீற்றர், வர நாற்பத்தைந்து. ரஞ்சிக்குப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பகல் வேலை. அவர் வர இவள் போவாள், இவள் வர முதலே அவர் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறியதுமே நான் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"சிவம், அப்பா வந்தா பகலிலை அவரோடை ஆர் இருக்கிறது?"

"அதெல்லாம் ரஞ்சியோடை கதையுங்கோ மச்சான்."

வீட்டுக்கு வந்து ரஞ்சியிடம் கேட்டேன். "முதல் சாப்பிடுங்கோ அண்ணை. நாளைக்கு வெள்ளன எழும்பவேணும், அப்பிள் புடுங்கப் போறம்" என்றாள்.

அப்பிள் தோட்டம் நகரத்துக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரம். அது எப்படிப்பட்ட ஏற்பாடு என்பதை வாசகர்களுக்கு விளக்கியே ஆகவேண்டும். தோட்டக்காரன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் எட்டு டொலர் கொடுத்து அவனிடம் வெறும் பையை வாங்குகிறோம். பிறகு வைக்கோல் கட்டுகளை அடுக்கிய ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, இடுப்பு நொந்து, மரத்தடிக்குப் போய், எங்கள் கையாலேயே பறித்து, எங்கள் தோளிலேயே சுமந்து வருகிறோம். எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கூலி கொடுப்பார்கள். இங்கே கூலி கொடுத்து வேலையும் செய்கிறோம். அதே அப்பிள் ரஞ்சியின் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இதிலும் மலிவு.

அவளோ படம் எடுத்துத் தள்ளினாள். "அந்த மஞ்சள் மரத்துக்குக் கீழை நில்லுங்கோ அண்ணை. அப்பாவுக்குக் காட்டலாம்."

"அப்பா மரத்தோடையோ இருக்கப்போறார்? பகலிலை ஆர் இருக்கிறது எண்டு கேட்டன்."

"சிரியுங்கோ" என்றாள். கமெரா கிளிக் என்றது. அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை தாங்ஸ்கிவிங். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் என்றார்கள், நல்ல விஷயம்தான். ரஞ்சியின் தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒவ்வொரு வான்கோழி கொடுத்திருந்தார்கள். பத்துக் கிலோ இருக்கும், கருங்கல்லாக உறைந்திருந்தது. அதை மூன்று நாளுக்கு முதலே வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டுமாம். இவர்கள் காலையில்தான் எடுத்தார்கள். அந்த நாட்டு முறைப்படி முழுதாக வாட்டுவதற்கு இனி வழியில்லை என்றதும், வெட்டிக் கறியாக்குவது என்று தீர்மானித்து, சிவம் கராஜுக்குள் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு வந்தார். கறி இறங்க மாலை ஐந்து மணி. தூளையும் மீறி இறைச்சி சவர்க்காரம் போல் சப்பென்று இருந்தது என்று சிவமே ஒத்துக்கொண்டார். எனக்குத் தெரியாது. நவராத்திரி தொடங்கி இரண்டாம் நாள், நான் மரக்கறி. அவர்கள் வான்கோழியோடு மல்லுக்கட்டிய வீட்டில் எனக்குப் பாணும் பழப்பாகும் கிடைத்தது.

"நவராத்திரியிலை இதென்ன கூத்து, பிள்ளை?"

"லீவு இண்டைக்குத்தான் அண்ணை கிடைச்சது. நவராத்திரிக்கு ஆர் லீவு தரப்போறான்?"

மறுநாளிலிருந்து பகல் முழுவதும் வீட்டில் நான் தனி. தனி என்று சொல்லவும் முடியாது, மேல் அறையில் சிவம் நித்திரை. விடியற்புறம் வேலையால் வருகிற மனிதன் மத்தியானம் தாண்டித்தான் எழும்புவார். அதனால் ரேடியோ போடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, இருமலையும் சமையலறைக்குப் போய்த்தான் இருமவேண்டும். பேசுவதற்குத் தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் கராஜுக்குள் காரில் ஏறி, கராஜுக்குள் காரால் இறங்குகிறார்கள். வெள்ளவத்தையில் அப்பா காலி வீதிக்குப் பத்திரிகை வாங்கப் போனால் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் செல்லும், வழியில் அத்தனை பேரோடு கதை. இங்கே அவர் யாரோடு கதைப்பார்?

அணில்களோடு கதைக்கலாம். அவற்றுக்குக் குறைவில்லை. முதுகில் கோடு கிடையாது, சில கறுப்பு, சில சாம்பல், ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு. மனிதருக்குப் பயமே இல்லை. முற்றத்தில் குழி தோண்டி எதையோ புதைப்பதும், மறுநாள் இடத்தை மறந்துபோய் முற்றம் முழுவதையும் கிளறுவதும்தான் தொழில். தலைக்கு மேல் வாத்துப் போன்ற பெரிய பறவைகள் அணிவகுத்துக் கத்திக்கொண்டு தெற்கே போயின. இந்த நாட்டில் புத்தியுள்ள பிராணி அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இலைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மரத்தில் நிற்கும்போது அழகுதான், நெருப்புப் பிடித்த மாதிரிச் சிவப்பு, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவை விழும். விழுந்ததை வாரவேண்டும். வாரிய குப்பையைப் போடுவதற்குக் கடையில் காசு கொடுத்துக் கடதாசிப் பை வாங்கவேண்டும். ஒரு நாள் முழுவதும் நின்று ஆறு பை நிரப்பினேன். பின்னேரம் காற்று அடித்தது. பக்கத்து வீட்டு இலையெல்லாம் வந்து, நான் ஒன்றுமே செய்யாதது போல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலால் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். இரண்டு கிழமையில் அயலாரோடு நான் செய்த சம்பாஷணை அவ்வளவுதான்.

இது போதாதென்று மாதத்துக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். மாலை ஆறு மணிக்கே இருட்டு. அதே நாள் ரஞ்சி மூன்று டொலருக்கு அருமையான பூசணிக்காய் ஒன்று வாங்கி வந்தாள். கறிக்கு என்று நினைத்து நான் தேங்காய் துருவத் தொடங்கினேன். அவள் அதற்குக் கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளுக்குள் மெழுகுதிரி வைத்து, வாசற்படியில் கொண்டுபோய் இருத்தினாள். மறுநாள் காலையில் ஓர் அணில் அதன் கன்னத்தை அரைவாசி தின்றிருந்தது. ஹலோவீன் என்று ஒரு நாளாம், பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக வருவார்களாம், இனிப்புக் கொடுக்கவேண்டுமாம். பெரிய பைகள் மூன்று நிறையச் சொக்லேற் வாங்கி அடுக்கியிருந்தாள்.

"உவ்வளவும் ஆருக்கு?"

"வருகிற பிள்ளையளுக்கு அண்ணை. போன வருசம் போதாமல் போச்சு."

முப்பத்தோராம் திகதி, வியாழன். சிவம் நாலு மணிக்குப் படியில் பூசணிக்காய்க்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி, வெளி லைற்றையும் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். ரஞ்சிக்கு ஓவர்ரைம். இடைவேளையில் தொலைபேசி எடுத்தாள். "நான் வர ஏழுமணி தாண்டும். சொக்லேற் கதவடியிலை சட்டியிலை இருக்கு. ஆளுக்கு ரெண்டு குடுங்கோ. குறைச்சுக் குடுத்துப்போடாதேங்கோ." அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வந்த நாளிலிருந்து கேட்டதில்லை.

இருட்டியதும் எட்டிப் பார்த்தேன். படியெல்லாம் காய்ந்த இலை, நடுவில் எரிகிற மெழுகுதிரி. புத்தியுள்ளவன் செய்வதைச் செய்தேன். மெழுகுதிரியை ஊதி அணைத்து, பூசணிக்காயைத் தூக்கி வந்து சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்தேன். வெளி லைற்றையும் அணைத்தேன். அதை யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே போனது. வெள்ளவத்தையில் போர் நடந்த அந்த வருடம் இருட்டிய பிறகு தமிழர் வீட்டு வாசலில் லைற் எரிவது குறைவு. எரிந்தால் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதனை போட வருகிற ஆமியை வெற்றிலை வைத்து அழைப்பது போல. கதவு தட்டும் சத்தம் கேட்டால் அப்பா செருப்புக்கு முதல் அடையாள அட்டையைத்தான் தேடுவார்.

திரையையும் இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். தெருவில் காலடிச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. திரையை விலக்கிப் பார்த்தபோது பேய்களும் ஒரு தேனீயும் இரண்டு அரசிகளும் எங்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தட்டவில்லை. தப்பினேன் என்று தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

ஏழேகாலுக்குக் கதவைத் திறந்துகொண்டு ரஞ்சி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணை, என்ன நடந்தது? சுகமில்லையோ? வீடு இருட்டாக் கிடக்கு."

"ஒண்டும் நடக்கேல்லை. லைற் வீணா எரியுது எண்டு நிப்பாட்டினன்."

அவள் கதவடியில் இருந்த சட்டியைப் பார்த்தாள். விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இஞ்ச லைற் நிப்பாட்டினா வராதேங்கோ எண்டு அர்த்தம் அண்ணை."

"அதை முதலே சொல்லுறதெல்லோ? எனக்கென்ன சோதிடமோ தெரியும்? ஒரு நாடு, அதிலை ஆயிரம் சட்டம்! அறியாத ஊர்ப் பிள்ளையளுக்குச் சொக்லேற் குடுக்காட்டி இப்ப என்ன குடியே முழுகிப்போச்சு?" நன்றாகவே சத்தம் போட்டேன். மூன்று கிழமை எரிச்சலும் சேர்ந்து வந்தது.

அவள் திருப்பிச் சத்தம் போடவில்லை. "வருசத்திலை இந்த ஒரு நாள்தான் என்ரை கதவை ஆரும் தட்டுறது" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரியின்ரை பேர் எனக்குத் தெரியாது. அவளின்ரை பிள்ளையள் மூண்டையும் தெரியும். கடைசி போன வருசம் முயலா வந்தது, சொக்லேற்றை வாங்கிப்போட்டு என்ரை காலைக் கட்டிப்பிடிச்சது. இந்த வருசம் என்னவா வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

வழி தெரியாதபோது மனிதன் பழைய கேள்வியைத்தான் பிடித்துக்கொள்வான். "பகலிலை அப்பாவோடை ஆர் இருக்கிறது?" என்றேன்.

"ஒருத்தருமில்லை. காலமை ஆறு தொடக்கம் பின்னேரம் ஆறு மட்டும் நீங்கள் இருந்த மாதிரித்தான் இருப்பார். அதைச் சொன்னா வேண்டாம் எண்டிடுவியள் எண்டுதான் அப்பிள், இலை எண்டு இழுத்துக்கொண்டு திரிஞ்சன்." மூக்கைத் துடைத்தாள். "அப்பாவுக்கு நல்லது எண்டு நான் கூப்பிடேல்லை அண்ணை. எனக்குத்தான் வேணும். நான் வரேக்கை உள்ளுக்கு இருந்து ஒரு ஆள் வந்து கதவைத் திறக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நான் எழுந்து போய் லைற்றைப் போட்டேன். பூசணிக்காயையும் எடுத்துவந்து படியில் வைத்து, காற்றில் நாலு நெருப்புக்குச்சியை வீணாக்கி மெழுகுதிரியைக் கொளுத்தினேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு மணி அடித்தது. என் கை காற்சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியது. ரஞ்சி ஓடிப்போய்த் திறந்தாள். வேடமும் இல்லாமல், மீசை அரும்பிய மூன்று நெட்டைப் பையன்கள் தலையணை உறையை விரித்துக்கொண்டு நின்றார்கள். வேறு நேரமென்றால் வெட்கமில்லையா என்று கேட்டிருப்பேன். அவள் சட்டியோடு முழுவதையும் அவர்களுக்குக் கவிழ்த்துக் கொட்டினாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் இரண்டாம் திகதி புறப்பட்டேன். மழை. மரங்களில் ஓர் இலையும் இல்லை. நான் பார்க்க வந்ததாகச் சொன்ன இலையுதிர்காலம் எனக்கு முதலே போய்விட்டது.

கொழும்பில் அப்பா வாசலில் நின்றார். பெட்டியை வைக்கவும் விடாமல், "எப்பிடி நாடு?" என்றார். வைத்திருந்த காரணங்கள் அத்தனையையும் கொட்டினேன். குளிர், இருட்டு, சப்பென்ற வான்கோழி, முற்றத்தைக் கிண்டும் அணில், கதைக்க ஆளில்லாத தெரு, காசு கொடுத்து அப்பிள் பறிக்கும் முட்டாள்தனம் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப வேண்டாம் எண்டுறாய்."

"இல்லை அப்பா. போங்கோ. அவள் தனிய இருக்கிறாள்."

அவர் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேசை, இரண்டு கதிரை, சுவரில் என் மனைவியின் படம்.

"நீ?" என்றார்.

"அங்கை நல்ல குளிர்" என்றேன். "நாளைக்கு ரெண்டு பேருமாப் போய் உங்களுக்குத் தடிச்ச ஸ்வெற்றர் ரெண்டு எடுப்பம்."