மெத்தைக்கடைக் கும்பகர்ணன்

மெத்தைக்கடையில் சுமை தூக்க வந்தவருக்குக் கும்பகர்ணன் வேலை கிடைத்ததென்றால், தொந்தியும் குறட்டையும்தான் காரணம். சாப்பிட்டுவிட்டுக் கிடங்கில் சாய்ந்தாரானால், பக்கத்தில் இடி விழுந்தாலும் எழ மாட்டார். ஒருநாள் அதைப் பார்த்த முதலாளிக்குப் பொறி தட்டியது. கடை வாசலில் மேடை, அதன்மேல் புது மெத்தை, அவருக்கு ஒட்டுமீசையும் அட்டைக் கிரீடமும். பலகையில், 'கும்பகர்ணனே கேட்டு வாங்கிய மெத்தை!' பிள்ளைகள் டமாரம் அடித்து எழுப்பிவிட்டால் தலையணை இலவசம். ஒரு தலையணைகூடப் போகவில்லை. மெத்தைகள்தான் விற்றுத் தீர்ந்தன.

"தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆம்பள என் வீட்டுக்காரர்தான்" என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு காலையில் அவர் கண்விழித்தபோது அவள் தரையில் கிடந்தாள். கட்டில் விளிம்பைப் பற்றியபடியே கை விறைத்திருந்தது. மாரடைப்பு என்றார் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரிதான் வாய் தவறி, "ராத்திரி அக்கா கூப்பிடுற மாதிரி ஏதோ சத்தம் கேட்டுச்சுண்ணே. நீங்கதான் கூட இருக்கீங்களேன்னு இருந்துட்டேன்" என்றாள்.

சில நாள் கழித்து மீண்டும் மீசையை ஒட்டிக்கொண்டு மேடையில் படுத்தார். கண்ணைத்தான் மூட முடிந்தது. டமாரம் அடித்து அலுத்துப்போன ஒரு சிறுமி அவர் காதருகே குனிந்து, மெதுவாக, "எந்திரிங்களேன்" என்றாள்.

"இதோ வந்துட்டேம்மா!" என்று அலறி எழுந்தார் அவர்.

கூட்டம் கைதட்டியது. சிறுமிக்குத் தலையணை கிடைத்தது. கிரீடம் சரிய அவர் குலுங்கிக் குலுங்கி அழுததையும் நடிப்பென்றே எண்ணிச் சிரித்தார்கள்.

முதலாளி அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "வேணும்னா பீமன் வேஷம் போட்டுக்கிறியாப்பா? நின்னுக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

"வேண்டாம் முதலாளி. சுமையே தூக்குறேன்."

இப்போது மேடையில் வேறொருவர் படுத்திருக்கிறார். இவர் பின்வாசலில் மெத்தைகளை வண்டியில் ஏற்றுகிறார். வீட்டில் துணைக்கு வந்து தங்கியிருக்கும் மகள், இரவெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவரிடம் தினமும் மன்றாடுகிறாள்.

"கொஞ்ச நேரம் படுங்கப்பா. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"நீ தூங்கும்மா" என்கிறார். "நான் முழிச்சிருக்கேன்."