உப்பை விட்டேன், தண்ணீரை விடவில்லை

என் வீட்டு வாசலில் கையில் சாவியோடு நின்றிருந்தேன். அது எதற்கு என்று தெரியவில்லை. எதிர்வீட்டு மல்லிகா வந்து, "ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன்; சொல் வரவில்லை. ஆட்டோ பிடித்து அவள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

சோடியம் (இரத்தத்தில் உள்ள உப்பு) மிகவும் குறைந்திருந்தது.

பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். குறைப்பதென்ன, விட்டே காட்டுகிறேன் என்று அடியோடு நிறுத்தினேன். பீங்கான் சூளையில் பொம்மை அடுக்கிய காலத்துப் பழக்கம், மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர். அது மட்டும் நிற்கவில்லை. சூளையில் உப்புப் போட்ட கூழும் குடித்தோம் என்பதை மறந்துவிட்டேன்.

"இரத்தம் நீர்த்துப்போச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "உப்பு அதிகமா இருக்கிற பக்கம் தண்ணி போகும். மூளையில குட்டிக் குட்டி அறையாட்டம் செல் இருக்கு. அதுக்குள்ள தண்ணி போயி, அது வீங்கிடுச்சு."

"தண்ணியில போட்ட காஞ்ச திராட்சையாட்டமா?"

"அதேதான்."

"அப்ப ஒரு புடி உப்பைக் கரைச்சுக் குடுங்க. வூட்டுக்குப் போறேன்."

"வேகமா ஏத்தினா உள்ள இருக்கிற தண்ணி ஒரேயடியா வெளிய வந்துடும். மூளை கெட்டுப்போயிடும். மெதுவாத்தான்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. தீயை அவசரமாக ஏற்றியதால் ஒரு சூளை நிறைய இருந்த பொம்மைகள் அத்தனையும் வெடித்துப்போனதை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான்.

மறுநாள் திருப்பூரிலிருந்து மகள் வந்தாள். "மறதி வந்துடுச்சு டாக்டர். வூட்டைப் பூட்டிட்டு என்னோட கூட்டிட்டுப் போயிடறேன்."

"உப்பு ஏறட்டும். அப்புறம் அவங்களையே கேளுங்க."

சொட்டுச் சொட்டாக ஏறியது. பக்கத்துக் கட்டிலுக்கு ஆட்கள் வந்து போனார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தபடி, இன்று என்ன கிழமை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மகள் சாவியைக் காட்டினாள். "இது என்னம்மா?"

"என் வூட்டு சாவி. உன் மாமியார் வூட்டுது இல்ல. குடு இங்க."

சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு என்னை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் கேட்டது கிடைத்தது. வீட்டில் சத்தமே இல்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னால் எவ்வளவு என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தீ அணைந்த சூளையை அன்றே திறக்க மாட்டோம். வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்துக் காத்திருப்போம். இப்போது விடிந்ததும் கட்டிலில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பேரைச் சொல்கிறேன், கிழமையைச் சொல்கிறேன். சரி என்று சொல்ல ஆளில்லை. தலையணைக்கு அடியில் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கிறேன்.